சைலன்சருக்குள் எதை அடைக்கலாம்?

கார் சைலன்சருக்குப் பசுமையான உள்பஞ்சு என்றதும் பலரும் முதலில் கையில் எடுப்பது தேங்காய் நார், சணல், இலவம்பஞ்சு. ஒலியை உறிஞ்சுவதில் இவை கெட்டிக்காரப் பொருள்கள்தான். தடை வெப்பத்தில் இருக்கிறது. தாவர நாரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் 220 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே சிதையத் தொடங்கும். 315-ஐத் தாண்டினால் செல்லுலோஸும் மளமளவென்று கரியாகும். பெட்ரோல் காரின் பின்பக்க சைலன்சருக்குள் நெடுஞ்சாலை ஓட்டத்தில் 300 முதல் 500 டிகிரி வரை சர்வசாதாரணம். போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தால் தீப்பற்றுவது தள்ளிப்போகும், நார் கரியாவது நிற்காது. இந்த நார்களுக்குக் கதவுப் பலகையின் உட்புறம், டிக்கி, தரைவிரிப்பின் அடி என்று காருக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. சைலன்சரை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டாம்.

எனவே இங்கே பசுமையை வேறு கணக்கில்தான் அளக்க வேண்டும். ஒரு சைலன்சருக்கு எத்தனை கிராம் கண்ணாடி இழைப் பஞ்சு போகிறது, அதை உருக்கும் உலையிலிருந்து என்ன வெளியேறுகிறது, முதல் ஓட்டத்தில் எரிந்து புகையாகும் பிசின் எவ்வளவு, கார் இருக்கும்வரை பஞ்சு இருந்த இடத்திலேயே இருக்குமா. இந்த வரிசையில் முதல் கேள்வியில்தான் பெரிய லாபம் இருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

பஞ்சின் வேலை எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஓடும்போது எரிப்பு ஒலியின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். 400 டிகிரி வாயுவில் ஒலி வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5.2 மீட்டர், அதில் கால்பங்கு 1.3 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு அதைத் தொடக்கூட முடியாது. அந்த உறுமலை அடக்குவது அறைகளும் தடுப்புத் தகடுகளும் ஒத்ததிர்வுக் குழாய்களும். பஞ்சு பிடிப்பது பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சலையும் வாயு பாயும்போது எழும் சீறலையும். உறுமல் அடங்கவில்லை என்று பஞ்சைக் கூட்டிக்கொண்டே போவது பொருளும் வீண், எடையும் வீண்.

இப்போது அளவு. புதிய பொருள்களை ஆய்வகத்தில் ஐஎஸ்ஓ 10534-2 என்ற சர்வதேசத் தர முறைப்படி, ஒலி உறிஞ்சலை அளக்கும் இம்பிடன்ஸ் குழாயில் வைத்து, அறை வெப்பத்தில் அளக்கிறார்கள். ஓடும் சைலன்சரின் நிலைமை வேறு. 20 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்குப் போனால் காற்றின் பிசுப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, பஞ்சின் பாய்வுத் தடையும் (வாயு ஊடுருவ அது காட்டும் எதிர்ப்பு) அதே அளவு ஏறும். காற்றின் அடர்த்தி பாதிக்கும் கீழே இறங்குவதால் அதன் ஒலி மறிப்பு (ஒலி அலைக்குக் காற்று காட்டும் எதிர்ப்பு) 413-லிருந்து 270 ரெயில் (அதன் அலகு) அளவுக்குக் குறைகிறது. இரண்டையும் சேர்த்தால், ஒலி அலை சந்திக்கும் ஒப்புமைத் தடை குளிர்நிலையில் அளந்ததைப் போல 2.7 மடங்கு. குளிர்ந்த குழாயில் மிகச் சரியாக அமைந்த அடர்த்தி, சூடான சைலன்சரில் அதிகப்படியாகிவிடும். அலை பஞ்சுக்குள் நுழையாமல் திரும்பிவிடும்.

கண்ணாடி இழையில் அடைப்பு அடர்த்தியை இரட்டித்தால் பாய்வுத் தடை சுமார் மூன்று மடங்கோ அதற்குச் சற்று மேலோ ஆகும். இதைத் தெரிந்துகொண்டு எதிர்த்திசையில் கணக்குப் போட்டால், லிட்டருக்கு 120 கிராம் அடைத்த இடத்தில் 90 கிராமை நம்பிக்கையோடு சோதித்துப் பார்க்கலாம். 8 லிட்டர் அறைக்கு 960 கிராம் 720 ஆகும். எந்தப் புதுப் பொருளையும் தேடாமலே கால்பங்கு மிச்சம். இழையின் விட்டம் இன்னொரு நெம்புகோல்: தடை, விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 24 மைக்ரான் இழைக்குப் பதில் 13 மைக்ரான் போட்டால் அதே அடர்த்தியில் தடை மூன்று மடங்குக்கு மேல், அதனால் பஞ்சைக் குறைக்கலாம். அப்படியென்றால் இன்னும் மெல்லியதாகப் போகலாமே என்று தோன்றும். கூடாது. 3 மைக்ரானுக்குக் குறைந்த விட்டமும் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட நீளமும் உள்ள இழையை உலக சுகாதார நிறுவனம் நுரையீரலுக்குள் போகக்கூடியதாக வகைப்படுத்துகிறது. தொடரிழைக் கண்ணாடி குறுக்கேதான் உடையும், நெடுக்காகப் பிளக்காது. 10 மைக்ரானுக்கு மேல் வைத்துக்கொண்டால் அடைக்கிற தொழிலாளிக்கும் பின்னாளில் வண்டியைப் பிரிக்கிறவருக்கும் தோல் அரிப்போடு போகும்.

பொருள்களில் என் முதல் தேர்வு போரான் இல்லாத ஈ-சிஆர் கண்ணாடி, அதாவது அமில அரிப்பைத் தாங்கும் இழைக் கண்ணாடி வகை. வழக்கமான இழைக் கண்ணாடியான ஈ-கிளாஸில் போரான் ஆக்சைடு 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். உருக்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகி உலைப் புகையில் தூசாகச் சேர்கிறது, அதைப் பிடிக்கத் தனி வடிகட்டி வேண்டும். ஈ-சிஆரில் அந்தத் தொல்லை இல்லை. இளகும் வெப்பநிலையும் 850-க்குப் பதில் 900-ஐத் தாண்டும். அமிலத்தைத் தாங்குவது எல்லாவற்றையும்விட முக்கியம். குறுந்தூர ஓட்டத்தில் சைலன்சருக்குள் தேங்கும் நீர் கந்தக அமிலம் கலந்தது. ஈ-கிளாஸிலிருந்து கால்சியத்தையும் அலுமினியத்தையும் அது கரைத்தெடுத்து வலுவில்லாத சிலிக்கா கூட்டை மட்டும் விட்டுவைக்கும். அடுத்த சூட்டில் அது பொடியாகி வால்குழாய் வழியே பறந்துவிடும்.

பசால்ட் இழைக்கு மூலப்பொருள் ஒரே ஒரு எரிமலைப் பாறை, சேர்மானம் எதுவும் தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாறையிலுள்ள இரும்பு வெப்பக் கதிரை உள்ளே விடாது என்பதால் உருக்குவது சிரமம். உலை எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்று கேட்காமல் பசுமை முத்திரை குத்த வேண்டாம். 650 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் அந்த இரும்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து, இழை படிகமாகி நொறுங்கும். பின்பக்க சைலன்சருக்குப் போதும், முன்பக்கத்துக்கு வேண்டாம். பாட்டில் கண்ணாடியை மறுசுழற்சி செய்து இழுத்த இழையில் சோடியம் அதிகம். சூடும் ஈரமும் மாறி மாறி வரும் இடத்தில் அது நிற்காது.

அடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ரோவிங் நூலை (முறுக்காத இழைக் கற்றை) அழுத்தக் காற்று முனையில் விட்டுப் பிரித்து, பஞ்சாக ஊதி அறைக்குள் நிரப்பினால் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினே தேவையில்லை. பாலித்தீன் பையில் நிரப்பி உள்ளே தள்ளுவது சுலபம்தான். அந்தப் பை முதல் ஓட்டத்தில் உருகி எரிந்து காற்றில் கலக்கிறது. ஊசியால் குத்திப் பின்னிய பாயைக் கண்ணாடி நூலால் தைத்து வடிவாக்கினால் பையும் பிசினும் இரண்டுமே வேண்டாம். சைலன்சருக்குள் வாயு செல்லும் துளைக்குழாயில் 3 மில்லிமீட்டர் துளைகளை மையத்துக்கு மையம் 5.5 மில்லிமீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசையில் போட்டால் திறப்பு 27 சதவீதம் வரும், அது போதும். குழாயின்மேல் முதலில் ஒரு சுற்று ஸ்டெயின்லெஸ் எஃகு இழை, அதன்மேல் பஞ்சு. இந்தச் சுற்றை விட்டுவிட்டால் வாயுத் துடிப்பு துளை வழியாகவே பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிடும். மிகக் குறைவாக அடைத்தாலும் ஆபத்துதான். அதிர்வில் பஞ்சு கீழே இறங்கி, மேலே வெற்றிடம் விழும். அடைத்த ஒவ்வொரு ஷெல்லையும் (சைலன்சரின் வெளிக்கூடு) எடை போட்டு 5 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும்.

ஐ.நா.வின் வாகன ஒலி விதி 51 இந்த விஷயத்தில் கண்டிப்பானது.   எஞ்சின் வாயு பஞ்சைத் தொடும் சைலன்சர் என்றால், பொதுவாக 10,000 கிலோமீட்டர் சாலையோட்டமோ 2,500 அழுத்தத் துடிப்புகளோ தாங்கிய பிறகு அளக்க வேண்டும்.

அந்தச் செலவுக்கு முன் மேசையிலேயே பொருளைச் சலித்துவிடலாம். 10 கிராம் பஞ்சை 650 டிகிரி உலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். குறைந்த எடைதான் பிசினும் பூச்சும். 0.1 கிராமுக்கு மேல் போனால் முதல் ஓட்டத்தில் புகை நாற்றம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மீதியை பிஎச் 2 கந்தக அமிலக் கரைசலில் 80 டிகிரியில் ஒரு நாள் ஊறவிட்டு, கழுவி, உலர்த்தி, 500 டிகிரியில் சுட்டு, மறுபடி ஊறவிடுங்கள். ஐந்து சுற்று முடிந்ததும் 1 மில்லிமீட்டர் சல்லடையில் போட்டுக் குலுக்கி, கீழே விழும் தூளை எடை போடுங்கள். ஈ-கிளாஸையும் புதுப் பொருளையும் ஒரே தொட்டியில் அருகருகே வைத்துச் செய்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஷெல்லின் அடியில் 3 மில்லிமீட்டர் வடிகால் துளை ஒன்றும் வேண்டும், பஞ்சு அதை அடைக்காதபடி ஒரு சிறு வலைத்துண்டோடு. நீர் வடியாத சைலன்சரில் எந்த இழையும் நிலைக்காது, தகடும் உள்ளிருந்தே அரிக்கும்.