பக்கத்து மனை வேம்பும் உங்க காம்பவுண்டு சுவரும்

மரம் அவங்க பக்கம், வேர் உங்க பக்கம். சென்னை மனைகள்ல இதுதான் நிலைமை. தண்ணி இழுக்குற வேர்கள் பெரும்பாலும் மேல் 2 அடி மண்ணுலயே, கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும்.

நெஞ்சு உயரத்துல மரத்தின் சுற்றளவை நூலால அளந்து நாலால பெருக்குங்க. 3 அடி சுற்றளவுன்னா, மரத்துலேர்ந்து 12 அடிக்குள்ள சுவருக்குத் தோண்ட ஜேசிபி வேண்டாம், கடப்பாரை, மண்வெட்டிதான். சுவர் நீளத்துக்கும் அஸ்திவாரம் பறிக்காம தூண் குழி மட்டும் எடுத்து, தரையை ஒட்டி பீம் போட்டா வேர் அடியில தப்பிச்சுடும். கட்டைவிரல் தடிமன் வேரைக் கைரம்பத்தால நேரா அறுக்கலாம். ஜேசிபி பக்கெட் இழுத்தா நார்நாராக் கிழிஞ்சு, அங்கிருந்து அழுகல் ஏறும். மணிக்கட்டு தடிமன்னா என்ஜினியர்கிட்ட சொல்லி தூணை நகர்த்துங்க. திறந்த வேர் மேல ஈரச்சாக்கு, கூடிய சீக்கிரம் மண்.

கலவை மிஷின் கழுவுற தண்ணியை அங்க விடாதீங்க, சிமெண்ட் காரம். எம்-சாண்ட் லோடும் வேண்டாம், மண் இறுகிடும்.

ஒரு பக்க வேர் போன மரம் பச்சையாவே நிக்கும், ஆனா அந்தப் பக்கம் பிடிப்பு இருக்காது. 2016 வர்தா புயல் மாதிரி காத்து உங்க பக்கமிருந்து அடிச்சா, சாயறது மரத்துக்காரர் வீட்டு மேல.