மண்டபம் கேம்ப்: அப்பத்தா வந்து இறங்கிய இடம்

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

புதுப் பாம்பன் பாலத்தை இன்று திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தோம். காலையிலிருந்து டிவியில் பாலத்தின் கணக்குதான். பழையதில் 143 தூண், புதியதில் செங்குத்தாக மேலே ஏறும் பகுதி மட்டும் 72.5 மீட்டர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அப்பத்தா கேட்டது: "அந்தக் காலத்துல இத கட்டுன ஆளுக எங்க படுத்துக் கெடந்தாங்கன்னு எவனாச்சும் சொன்னானா?"

யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

உச்சிப்புளியிலிருந்து வேலைக்குப் போகும்போது தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறேன். 1911-ல் பாலம் வேலை தொடங்கியபோது அந்த ஆட்கள் தங்கப் போட்ட குடியிருப்புதான் மண்டபம் கேம்ப். 1914 பிப்ரவரி 24-ல் பாலம் திறந்தது. ஆட்கள் கலைந்துபோனார்கள், இடம் மட்டும் நின்றது.

பாலம் வந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கையின் தேயிலை மலைநாட்டுக்கு, நேர்வழி கிடைத்துவிட்டது. அப்புறம் கேம்ப் இலங்கை அரசின் கைக்குப் போனது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே தங்கவைத்தார்கள். காலரா, பெரியம்மை, பிளேக் பயம். அம்மை குத்தி, சில நாள் வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்றால்தான் ரயில் ஏற்றுவார்கள். தூத்துக்குடி வழியாகப் போனவர்களுக்குத் தட்டப்பாறையில் இதே மாதிரி ஒரு கேம்ப் இருந்தது.

அப்பத்தாவின் தாத்தா மண்டபம் வழியாகப் போனவர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பின்னால், ஒரு துணிமூட்டையோடு.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று அப்பத்தா பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்து வெயிலில் போட்டது. கருப்புக் கம்பளி. மலையில் கொழுந்து பறிக்கும்போது மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்வது. ஓரம் முழுக்கப் பிரிந்து நூலாகத் தொங்குகிறது, நடுவில் ஒரு இடத்தில் சிவப்பு நூலால் ஒட்டுத் தைத்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். கற்பூரமும் புகையும் கலந்த வாசனை.

1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலை அப்பத்தா. 1974-ல் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, நேராக மண்டபம் கேம்ப். அது பிறந்ததே அந்த மலையில்தான். அதைத் 'தாயகம் திரும்பியவர்' என்று பேப்பரில் எழுதினார்கள். எனக்கு இன்றும் அந்த வார்த்தை ஒட்டவில்லை.

"வரிசையா ரூம்பு தம்பி. ஒத்தச் சுவரு, அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்கும். லயத்த விட்டுட்டு கடலத் தாண்டி இன்னொரு லயத்துக்கா வந்தோம்னு ஒங்க தாத்தாகிட்ட கேட்டேன்."

லயம் என்றால் தோட்டத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடு. கேம்பில் கம்பளியை யாருமே போர்த்தவில்லையாம். அந்த வெக்கையில் எப்படிப் போர்த்துவது? தரையில் விரித்துப் படுத்தார்கள். விடிந்தால் மடிப்புக்குள் மணல். பாலம் கட்ட வந்தவர்களும் இதே மணலைத்தான் தட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கேயும் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை. ஒரு பலகையாவது அங்கே வைக்க வேண்டும். 1983-க்குப் பிறகு வந்த இலங்கை அகதிகள் இன்னும் அங்கே குடியிருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்து.

ஏப்ரல் 20, ஞாயிறு

அப்பத்தாவைப் புதுப் பாலத்தில் கூட்டிப்போனேன். உச்சிப்புளியில் பாசஞ்சர் ஏறினோம், ஜன்னல் சீட் கிடைத்தது. பாலத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே எல்லாரும் செல்போனோடு வாசலுக்குப் போய்விட்டார்கள். மண்டபம் கேம்ப் வந்ததும் அப்பத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டியது. உதடு அசைந்தது. எதையோ எண்ணுகிறது என்று புரிந்தது, நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டது. பாம்பன் தாண்டித்தான் திறந்தது. "எங்க ரூம்பு பதினொண்ணாவது" என்றது.