ஏழாம் பக்கத்து இருட்டு

நான் வரைந்துகொண்டிருக்கும் காமிக்ஸில் ஏழாம் பக்கம் முடிந்தது. மை காய்ந்து, பென்சில் அழித்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. எட்டாம் பக்கத்துக்கு இன்னும் தாள்கூட வெட்டவில்லை, ஆனால் சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு பக்கம் வாங்கிய வேலையை முந்தைய ஆறு பக்கமும் சேர்ந்துகூட வாங்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: திண்டு என்பது கைகால் முளைத்த ஒரு திண்டுக்கல் பூட்டு. கானாடுகாத்தான் பக்கம், கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கும் மட்டும் திறக்கிற ஒரு பெரிய வீட்டில் இருக்கிறது. ஆள் இல்லாத நாட்களில் தன் சாவியைத் தேடி முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை அலையும். வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குணம். ஒன்று கூச்சப்படும், ஒன்று தும்மும், ஒன்று திறந்துகொண்டே போகும், முடியாது. மொத்தக் கதையிலும் ஒரு சொல் கிடையாது. பேச்சுப் பலூன் இல்லை, 'டமால்', 'டுமீல்' எதுவும் இல்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜிம் உட்ரிங். 1952இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். ஓவியப் பள்ளி எதற்கும் போகாமல் தானே வரையக் கற்றவர், குப்பை அள்ளும் வேலைகூடப் பார்த்திருக்கிறார். 1980இல் தன் பெயரிலேயே ஒரு சின்ன இதழைச் சொந்தமாக அச்சடித்து ஆரம்பித்தவர். அவருடைய ஃபிராங்க், பூனையா எலியா என்று சொல்ல முடியாத ஒரு பிராணி. பல் துருத்திக்கொண்டு இரண்டு காலில் நடக்கும். கூடவே எதையாவது தின்றுகொண்டு அடிவாங்கும் ஒரு மனிதப்பன்றி, பிறைநிலா முகத்தோடு இளித்துக்கொண்டு திரியும் விம் என்று ஒரு ஆசாமி. யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த கண்ணுக்கு இது சட்டென்று ஒத்துவராது. 1972இல் இரும்புக்கை மாயாவி வந்த நாளிலிருந்து நாம் பலூனைப் படித்துவிட்டுத்தான் படத்துக்குப் போகிறோம். பலூனே இல்லையென்றால் பத்து நிமிடத்தில் புரட்டிவிட்டு மூடிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரே கட்டத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். காரணம், அவர் போடுகிற கோடு.

நிழலுக்கு நாமெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னுவோம். உட்ரிங் அப்படிப் பின்னுவது குறைவு. பக்கத்தில் பக்கத்தில் நெளிகோடுகளாக அடுக்குவார். ஒவ்வொரு கோடும் மெல்லியதாக ஆரம்பித்து, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். இரவு வானம், மண்மேடு, சுவர் எல்லாமே அதே கோடுதான். பார்க்க ரொம்பச் சுலபமாகத் தெரியும். மை தொட்டு எழுதும் கட்டைப்பேனாவை எடுத்து நாலு கோடு போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

சரி, ஏழாம் பக்கம். பக்கம் முழுக்க ஒரே கட்டம். திண்டு தலைவாசலில் நின்று உள்ளே பார்க்கிறது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியுமல்லவா, அந்தப் பார்வை. முகப்பில் வெளிச்சம், உள்ளே இருட்டு, வளவில், அதாவது வானம் பார்த்த முற்றத்தில், மறுபடி வெளிச்சம், அதைத் தாண்டி இன்னும் கனமான இருட்டு, கடைசியில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை. அதுதான் பின்வாசல். இருட்டைக் கறுப்பாக நிரப்பிவிட்டால் வேலை ஐந்து நிமிடம். ஆனால் ஆழம் செத்துவிடும். இருட்டுக்குள்ளேயே படிப்படியாகப் போக வேண்டும், அதற்கு நெளிகோடுதான் வழி.

நெளிகோட்டில் இரண்டு தொல்லை. முதல் தொல்லை நகர்வு. ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்ததைப் போடும்போது வளைவு ஒரு மயிரிழை கீழே இறங்கும். அது அந்தக் கோட்டில் தெரியாது. இருபது கோடு தாண்டினால் மேடு இருந்த இடத்தில் பள்ளம் வந்து, ஒரு சாய்வுப் பட்டை உருவாகிவிடும். சுவரே சரிந்து விழுவதாகத் தெரியும். இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து பென்சில் கம்பி: மேடுகள் வரவேண்டிய இடங்களில் 4எச் பென்சிலால் குறுக்காக மெல்லிய கோடுகள். அந்தக் கோட்டைத் தொடும்போதெல்லாம் வளைவு உச்சியில் இருக்க வேண்டும். கையை மணிக்கட்டில் வைத்து ஆட்டினால் வராது, முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும். தாளைத் திருப்பி, எப்போதும் நம்மை நோக்கியே இழுப்பது முக்கியம். நிப்பைத் தள்ளினால் அது தாளைக் குத்தி மை தெளிக்கும்.

தடிமன் எங்கே வரவேண்டும் என்பதில்தான் ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். உச்சியில் அழுத்தினால் கோடு முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. உச்சியைத் தாண்டி இறங்கும் சரிவில் அழுத்தி, பள்ளம் வருவதற்குள் விட்டால் மட்டும்தான் ஒழுங்காக ஓடுகிறது. காமிக்ஸ் வரைகிறவர்கள் பயன்படுத்தும் ஜி நிப் என்கிற வகை கொஞ்சம் விறைப்பு, அழுத்தத்தை விட்டதும் பிளவு உடனே மூடிக்கொள்ளும். அதனால் இந்த வேலைக்கு அது சரி. இன்னும் இளகிய நிப்புகள் விட்ட பிறகும் ஒரு நொடி திறந்தே இருந்து வாலைத் தடியாக்கிவிடுகின்றன.

இரண்டாவது தொல்லையைச் சொன்னது அப்பத்தா. பக்கம் பாதி முடிந்திருந்தபோது வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, வளவு பூராத் தண்ணி நிக்குது? மழையா?"

"தண்ணி இல்ல அப்பத்தா, நிழல்."

"நிழல் எதுக்கு நெளியுது?"

பதில் இல்லை என்னிடம். ஆனால் அவர் சொன்னது நூறு சதம் உண்மை. வீடு வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அன்றைக்கு உட்ரிங்கின் பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, உருவங்களை மறந்து, கோட்டை மட்டும் பார்த்தேன். தலைகீழாகப் பார்த்தால் கதை கண்ணை இழுக்காது, கோடு மட்டும் மிஞ்சும். பார்த்துப் பார்த்து என் பக்கத்துக்கு ஒரு கணக்குக்கு வந்தேன். படுக்கை நெளிவு என்றால் கண் அதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறது. நின்ற நெளிவு, அதிலும் அலையின் உயரம் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கினால், அது வெறும் இருட்டு. உயரம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் திரைச்சீலை ஆகிவிடுகிறது. ஆகவே இப்போது என் சட்டம்: சுவர், தூண், கதவு எல்லாம் நின்ற நெளிவு, தரை மட்டும் நெளியாத படுக்கைக் கோடு. இருட்டு கூடக் கூட அலை சிறுத்து, கோடுகள் நெருங்கும். கடைசிக் கட்டை எட்டும்போது கோடு கிட்டத்தட்ட நேராகிவிடும்.

இதில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: சுவர். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய பழைய சுண்ணாம்புச் சுவரில் வெளிச்சம் பட்டால் பளிங்கு கணக்காக மினுங்கும், எதிரே இருக்கிற தூணின் நிழல்கூட மங்கலாக உள்ளே தெரியும். அதை வெள்ளை மை தொட்டு ஏமாற்றவில்லை. தூணின் பிம்பம் விழும் பட்டையில் மட்டும் நெளிகோட்டை ஒரு அரிசி நீளத்துக்கு நிறுத்தி, மறுபடி அதே வளைவில் எடுத்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விட்டுப்போன கோடுகள். கை நீட்டத் தூரத்தில் பிடித்தால் மினுக்கம். திண்டின் பித்தளை உடம்புக்கும் இதே வித்தையைச் செய்திருந்தால் இரண்டும் கலந்துபோயிருக்கும். அதனால் அதற்கு நெளிவே கிடையாது, புள்ளி மட்டும்.

மையைப் பற்றிக் கொஞ்சம். கேம்லின் கறுப்பு டிராயிங் இங்க்தான், காரைக்குடியிலேயே கிடைக்கிறது, கறுப்பு நன்றாக விழுகிறது. இந்த வகை மை எதுவானாலும் நிப்பிலேயே காய்ந்துகொள்ளும் குணம் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மேலே மின்விசிறியும் ஓடினால், சில கோடுகளுக்கு ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். நிப்பின் நடு ஓட்டை மூடுகிற அளவுக்கு முக்கினால் போதும். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதை உருளைக்கிழங்கில் குத்தி எடுத்தால் போய்விடுகிறது. மழைக்காலம் வேறு கதை: ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்து, கோட்டு ஓரத்தில் ரோமம் முளைக்கும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதுதான் ஒரே வழி.

நிப் வாங்குகிற கொடுமையைத் தனியாக எழுத வேண்டும். இங்கே கடைகளில் கேட்டால் பால்பாயிண்ட் ரீஃபில்லை எடுத்து நீட்டுகிறார்கள். இணையத்தில் வரவழைத்த ஒரு பொட்டலத்தில் பாதி நிப் நுனி வளைந்து வந்தது. மாற்றித் தரச் சொன்னால் "பயன்படுத்திய பொருள்" என்று பதில். கடைசியில் கை கொடுத்தது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை. எனாமல் டிபன் கேரியருக்கும் ரவி வர்மா படங்களுக்கும் நடுவே, ஒரு தகரடப்பி நிறைய கணக்கெழுதுகிற நிப்புகள். டப்பி மேல் பர்மிங்காம் என்று பொறித்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கே நிப் செய்து அனுப்பிய ஊர் அது. ரங்கூன் பேரேட்டைத் தொட்டெழுதிய நிப்போ என்னவோ, நான் பூட்டுக்கு நிழல் போடுகிறேன். துருவேறியதைக் கழித்து, மிச்சத்தை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் எட்டு போட்டுத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. நெளிவுக்கு ஆகாது, ரொம்ப விறைப்பு. தரையின் நேர்க்கோடு முழுக்க அவைதான்.

நிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உட்ரிங் ஏழு அடி நீளத்தில் ஒரு கட்டைப்பேனா செய்வித்து, 2011இல் சியாட்டிலில் ஆட்கள் பார்க்க அதில் வரைந்து காட்டினார். அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு, முழங்கையிலிருந்து இழுப்பது கஷ்டம் என்று யாரிடமும் புலம்புவதில்லை.

ஸ்கேனில் எதிர்பாராத ஒரு சிக்கல் இல்லை, எதிர்பார்த்த சிக்கல்தான். புத்தகம் டெமி 1/8 என்கிற வழக்கமான அளவு. மூலம் அதைப்போல ஒன்றரை மடங்கு. அச்சுக்குச் சுருக்கும்போது 0.6 மி.மீ. இடைவெளி 0.4 ஆகிவிடும், மேப்லித்தோ என்கிற சாதாரண அச்சுத் தாளில் மை கொஞ்சம் பரவினால் கடைசிக் கட்டு மொத்தமும் அடைபட்டுக் கறுப்பாகும். அதனால் 600 டிபிஐயில் எடுத்து, 1200க்கு ஏற்றி, சாம்பல் நிறமே இல்லாத வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். சாம்பலாக விட்டால் அச்சில் கோட்டின் ஓரமெல்லாம் புள்ளியாகிவிடும். பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸில் புத்தக அளவில் ஒரு பிரதி. கோடுகள் தனித்தனியாக நிற்கின்றன. இதைவிட வேறென்ன வேண்டும்.

ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம் சேர்ந்ததும் சென்டர் பின் அடித்து முதல் பாகமாக விட்டுவிடலாமா என்று யோசனை. ஆஃப்செட்டுக்குப் பிரதி எண்ணிக்கை கட்டுப்படியாகாது. அமெரிக்கக் காமிக்ஸ்காரர் ஜான் போர்செலினோ 1989இலிருந்து தன் 'கிங்-கேட்' காமிக்ஸ் இதழைச் சொந்தமாக ஜெராக்ஸ் எடுத்து மடித்து விற்றே ஆளானவர், நமக்கென்ன கௌரவக் குறைச்சல். உட்ரிங்கே தன் மூன்று புத்தகங்களுக்கு நடுவே நூறு புதுப்பக்கங்களைச் சேர்த்து 2022இல் 400 பக்கத்தில் ஒரே கதையாக ஆக்கினார். துண்டு துண்டாக விட்டுப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்பதற்கு அது போதுமான சாக்கு.

அட்டைக்கு மட்டும் கலர் வேண்டும். ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் கண்ணாடி மேல் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமென்ட் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒட்டி நிற்குமே, அதே முறையில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட்டு அச்சடிக்க ஆசை: காவிச் சிவப்பு, பச்சை, மஞ்சள். நடுவில் திண்டு, கறுப்பில். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் ஒருவரிடம் கேட்டேன். நிறம் ஒன்றோடொன்று இடிக்காமல் உட்கார வைப்பது கஷ்டம் என்கிறார், தங்க நிறம் வேண்டுமானால் தள்ளுபடி தருகிறாராம்.

எட்டாம் பக்கம் இரண்டாங்கட்டுக் கிணறு. படுக்கை நெளிவுகளுக்கு அங்கே வேலை வைத்திருக்கிறேன். அதற்கு முன் தாள் தீர்ந்துவிட்டது. ஐவரி கார்டில் இரண்டாவது அடுக்குக் கோடு போட்டால் மேல்தோல் உரிகிறது. மதுரையிலோ திருச்சியிலோ கட்டைப்பேனாவைத் தாங்குகிற வழவழப்பான கனத் தாள், முழு ஷீட்டாக, எண்ணி வாங்கக் கிடைக்கிற கடை தெரிந்தால் சொல்லுங்கள். ரீம் கணக்கில் வேண்டாம்.