கல்லுக்கு ஓர் அடையாளம்: கோயில் சிற்பப் படத் தொகுப்பை ஒழுங்குபடுத்துகிறேன்

சோழர் காலக் கோயில்களின் புறச்சுவர்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. பல ஆண்டுகளாகச் சேர்ந்தது, படமும் காணொளியுமாக ஒரு டெராபைட்டைத் தாண்டிவிட்டது. கோப்புறைகள் ஊர், தேதி என்று ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்குள் எழும் கேள்விகள் ஊரையும் தேதியையும் பற்றியவை அல்ல. தெற்குக் கோட்டத்துத் (சுவர் மாடத்துத்) தட்சிணாமூர்த்தியின் காலடியில் கிடக்கும் முயலகனின் தலை எந்தெந்தக் கோயிலில் எந்தப் பக்கம் இருக்கிறது? மேலே வளையும் மகரதோரணத்தின் நடுவே சிறு உருவம் செதுக்கிய கோட்டங்கள் எவை? முன்பு பார்த்தபோது இந்த பிரம்மாவின் கை முழுதாக இருந்ததா? கோப்புறை இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அதனால் முழுத் தொகுப்புக்கும் மெட்டாடேட்டா, அதாவது படத்தைப் பற்றிய விவரக் குறிப்பு, எழுத ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. இதுவரை செய்து பார்த்ததில் எது வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் முடிவு செய்தது, குறிச்சொற்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது. படங்களை அடுக்கும் மென்பொருள்கள் பலவும் குறிச்சொற்களைத் தங்கள் தரவுத்தளத்தில்தான் முதலில் வைக்கின்றன. மென்பொருளை மாற்றினால், அல்லது ஒரு படத்தை மட்டும் யாருக்காவது அனுப்பினால், எழுதியதெல்லாம் பின்தங்கிவிடும். படத்தோடு அதன் விவரமும் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பத்து ஆண்டு கழித்து வேறு யாரோ அந்தக் கோப்பைத் திறந்தாலும் இது எந்தக் கோயில், எந்தச் சுவர் என்று தெரிய வேண்டும். நான் வைத்திருப்பது டிஜிகேம், கட்டற்ற மென்பொருள். அதன் அமைப்புகளில் குறிச்சொற்களைக் கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டேன். மொத்தமாகச் செய்யும் வேலைகளுக்கு ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற கட்டளைவழிக் கருவி.

கோப்புக்குள் எழுதலாம் என்றாலும் எந்த இடத்தில் எழுதுவது என்று ஒரு கேள்வி இருக்கிறது. எக்ஸிஃப் என்பது கேமரா எழுதுவது: நேரம், லென்ஸ், வெளிச்ச அளவுகள். அதில் கை வைக்க வேண்டியதில்லை. பத்திரிகைத் துறைக்காக வந்த பழைய ஐபிடிசி வடிவத்தில் முக்கியச் சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது 64 எழுத்து. தமிழுக்கு யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. "தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்" என்று எழுதிப் பாருங்கள். "ஐராவதேசுவரர்" முடியும் இடத்தில் சரியாக 64 பைட் தீர்ந்துவிடுகிறது, "கோயில்" என்பதற்கு இடமே இல்லை. தமிழில் குறிச்சொல் எழுத விரும்புகிறவர்கள் இந்தப் பழைய இடத்தை நம்பவே கூடாது. அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற மெட்டாடேட்டா வடிவம் இப்போது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. அதில் இந்த நீளத் தடை கிடையாது, யூனிகோடுதான் அடிப்படை. எல்லாவற்றையும் எக்ஸ்எம்பியில் மட்டுமே எழுதுகிறேன்.

அடுத்து, எதைக் குறிச்சொல்லாக வைப்பது, எதைத் தனிப் புலமாக வைப்பது. இதில்தான் அதிக நேரம் போயிற்று. இந்த வேலையின் உயிரும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு படத்தில் பல இருக்கக்கூடியது குறிச்சொல். உருவங்கள், கையிலிருக்கும் ஆயுதங்கள், வாகனம், அணிகலன், சிதைவு. இவற்றை மர அமைப்பில் வைத்தேன்: உருவம், அதன் கீழ் சிவன், அதன் கீழ் திரிபுராந்தகர். டிஜிகேம் தன் குறிச்சொல் பட்டியலில் படிகளைப் பிரிக்கச் சாய்வுக் கோட்டையும், அடோபியின் லைட்ரூம் மென்பொருள் செங்குத்துக் கோட்டையும் பயன்படுத்துகின்றன. ஆகவே பெயருக்குள் இந்த இரண்டு குறியும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்றால் அது புலம். கோயில், கட்டட உறுப்பு, திசை, காலம், ஊடகம். ஊடகம் என்றால் கல்லா, சுதையா, செம்பா என்பது. இவற்றுக்கு நானே பெயர்வெளி (புலப்பெயர்களுக்கான தனித் தொகுப்பு) ஒன்றை எக்ஸிஃப்டூலின் அமைப்புக் கோப்பில் அறிவித்து, புலங்களை உருவாக்கிக்கொண்டேன். ஆனால் புதிதாக உருவாக்கும் முன் தரத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஐபிடிசி நீட்சியில் கலைப்பொருளுக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது: அதன் தலைப்பு, செய்தவர், செய்த காலம், வைத்திருக்கும் இடம், அங்குள்ள பதிவு எண். அருங்காட்சியகப் படங்களுக்கு அது அப்படியே பொருந்தியது. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகன மூர்த்தி திருவெண்காட்டிலிருந்து வந்தவர். கேமரா நின்ற இடம் தஞ்சாவூர், வைத்திருப்பது கலைக்கூடம், மூல இடம் திருவெண்காடு. தரத்தில் முதல் இரண்டுக்கும் இடம் இருந்தது. மூல இடத்துக்குத்தான் என் சொந்தப் புலம் தேவைப்பட்டது.

இத்தனை புலங்களுக்கும் மேலாக ஒரு புலத்தைச் சேர்த்தேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. படத்துக்கு எண் கொடுக்காமல் சிற்பத்துக்கு எண் கொடுத்தேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் மேல்வரிசைக் கோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரிபுராந்தகர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறார். "தஞ்சை, விமானம், திரிபுராந்தகர்" என்று எத்தனை குறிச்சொல் போட்டாலும் இது எந்தத் திரிபுராந்தகர் என்று தெரியாது. செயற்கைக்கோள் இடக்குறிப்பும் உதவாது. சில மீட்டர் பிசகும் கருவி பக்கத்துப் பக்கத்துக் கோட்டங்களைப் பிரித்துக் காட்டாது. அதனால் ஊர், உறுப்பு, திசை, வரிசை, இடம் என்று ஐந்து துண்டுகள் கொண்ட அடையாளம்: "தஞ்-விமா-தெற்-மேல்-03". ஒரே கோட்டத்தை எந்த ஆண்டு, எந்தக் கேமராவில் எடுத்திருந்தாலும் அடையாளம் ஒன்றே. அகலப் படமும், முகத்தை மட்டும் நெருங்கி எடுத்ததும், காணொளியும் ஒரே சரத்தில் வந்து நிற்கின்றன.

பலன் உடனே தெரிந்தது. ஓர் அடையாளத்தைத் தேடி, வந்த படங்களைக் காலவரிசையில் அடுக்கினால் அந்தக் கல்லுக்கு என்ன நடந்தது என்பது கண்முன் வருகிறது. ஒரு சிறிய கோயிலில் சண்டேசர் சன்னதிக்கு எதிரே இருக்கும் துர்க்கையின் முகம், எண்ணெய்ப் பூச்சு ஏற ஏற, மூக்கின் விளிம்பு தெரியாத அளவுக்கு மூடிப்போயிருக்கிறது. இன்னோர் ஊரில் திருப்பணிக்குப் பிறகு அடித்தளத்துக் கல்வெட்டு வரிகள் மழுங்கியிருக்கின்றன. முந்தைய படத்தில் அவற்றைப் படிக்க முடிகிறது. அந்தப் படங்கள் எல்லாம் என்னிடம் முன்பே இருந்தவைதான். பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்காததால் கண்ணில் படவில்லை. இப்படிப்பட்ட படங்களுக்கு "சான்று" என்று ஒரு குறிச்சொல் போட்டு, கல்வெட்டு வாசகத்தைத் தனிப் புலத்தில் எழுத்துப்பெயர்த்து வைக்கிறேன். அழிந்த வரிக்கு இனி படம்தான் சாட்சி என்பதால் இதில் அவசரப்படுவதில்லை.

தமிழில் குறிச்சொல் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் மரத்தில் "கொற்றவை" இரண்டு முறை இருந்தாள். எழுத்துக்கு எழுத்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை, கோப்புப் பெயர்களில் பிரித்த வடிவத்தையே சேமிக்கும். அங்கிருந்து பெயரை நகலெடுத்தால் அது குறிச்சொல்லுக்கும் வந்துவிடும். இதற்கு மருந்து எளிது. எல்லாச் சொற்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பைத்தானில் சில வரி போதும்.

ஆனால் அந்த மருந்து கேட்காத இரண்டு இடங்கள் உண்டு. "கௌரி"யை ஔகாரக் குறியோடு எழுதாமல், கொம்புக்குப் பின் ளகரத்தைப் போட்டு எழுதியவர்கள் ஏராளம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் யூனிகோடு அவற்றை ஒன்றாகக் கருதாது. ஸ்ரீயும் அப்படித்தான். ஸகரத்திலிருந்து வரும் ஸ்ரீயும், பின்னால் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்து வரும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவமாகத் தெரியும். இவற்றைத் தேடிப் பிடித்து மாற்ற நானே ஒரு சிறு பட்டியல் வைத்திருக்கிறேன். அதே பட்டியலில் கோயில்/கோவில், தட்சிணாமூர்த்தி/தக்ஷிணாமூர்த்தி, துர்க்கை/துர்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தை நிலையாக்கிவிட்டேன். பட்டியலில் இல்லாத சொல்லை மரத்தில் ஏற்றுவதில்லை. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் தமிழ்க் குறிச்சொல் மரம் சீக்கிரமே காடாகிவிடும்.

புலங்களை ஒவ்வொரு படமாகத் திறந்து நிரப்புவது ஆகாத காரியம். எக்ஸிஃப்டூல் ஒரு கோப்புறையின் விவரங்களை எல்லாம் ஒரு விரிதாளாகக் கொடுக்கும். முதல் நெடுவரிசையில் கோப்பின் பாதை, பிறகு புலங்கள். அதை லிப்ரேஆபிஸ் கால்க்கில் திறந்து நிரப்பி, யூடிஎஃப்-8ஆகச் சேமித்து, திரும்ப எக்ஸிஃப்டூலிடம் கொடுத்தால் எல்லாக் கோப்பிலும் எழுதிவிடும்.

இந்த விரிதாளில் எனக்குப் பெரிய உதவி, கோயிலை வலம் வந்தே படம் எடுக்கும் பழக்கம். கிழக்கு நோக்கிய கோயிலில் வலம் வந்தால் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுவர்கள் வரிசையாக வரும். கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் தெற்கில் பிள்ளையார், கருவறைத் தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மா, அர்த்தமண்டப வடக்கில் துர்க்கை. படங்களை நேர வரிசையில் அடுக்கினாலே திசைப் புலம் பட்டை பட்டையாக நிரம்பிவிடுகிறது. ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவருக்குத் திரும்பும் மூலையில் தரையை ஒரு படம் எடுத்துவிடுகிறேன். பிரிக்கும் இடம் விரிதாளில் பளிச்சென்று தெரியும். இதைச் செய்யத் தொடங்கிய பின் குறிச்சொல் வேலை கணிசமாகக் குறைந்தது. மேற்கு நோக்கிய கோயில்களில் வரிசை மாறும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிஜிகேமின் தேடல் என் சொந்தப் புலங்களுக்குள் போவதில்லை. அதனால் சிற்பத்தின் அடையாளத்தையும் திசையையும் புலத்தில் எழுதும்போதே குறிச்சொல்லாகவும் படியெடுத்துவிடுகிறேன். இரட்டிப்பு வேலைபோலத் தோன்றும், ஆனால் கட்டளை ஒன்றுதான்.

காணொளிக்கு வருகிறேன். எம்பி4, எம்ஓவி கோப்புகளில் எக்ஸ்எம்பியை எழுத எக்ஸிஃப்டூலால் முடிகிறது. சிக்கல் நேரத்தில். இவ்வகைக் காணொளிகளில் எடுத்த நேரம் உலகப் பொது நேரமாக இருக்க வேண்டும் என்பது விதி. படங்களின் எக்ஸிஃபில் இருப்பதோ உள்ளூர் நேரம். ஆக விடியற்காலை 5 மணிக்கு எடுத்த காணொளி முந்தின நாள் இரவு 11.30 என்று நின்று, அதே நேரத்துப் படத்தைவிட்டு விலகிப்போகும். எக்ஸிஃப்டூலில் இதற்கென்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. ஆனால் விதியை மீறி உள்ளூர் நேரத்தையே எழுதும் கேமராக்களும் இருக்கின்றன, அவற்றில் அந்தத் தேர்வை இயக்கினால் ஐந்தரை மணி நேரம் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். ஒவ்வொரு கேமராவிலும் ஒரு கடிகாரத்தைச் சில நொடி எடுத்துப் பார்த்து, எது எந்த வகை என்று குறித்துக்கொண்டேன்.

பழைய கேம்கார்டரின் எம்டிஎஸ் கோப்புகளுக்குள் எழுதவே முடியாது. அவற்றுக்குப் பக்கத்தில் அதே பெயரில் எக்ஸ்எம்பி துணைக்கோப்பு வைக்கிறேன். டிஜிகேம் இயல்பாக மூலக் கோப்பின் முழுப்பெயரோடு எக்ஸ்எம்பி என்று சேர்க்கும். லைட்ரூம் கோப்பின் பின்னொட்டை நீக்கிவிட்டுச் சேர்க்கும். ஒரே பெயரில் ராவும் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்கும் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு டிஜிகேம் முறைதான் பாதுகாப்பு. காணொளிக்குள் எது எங்கே வருகிறது என்பதை விளக்கப் புலத்தில் நேரத்தோடு எழுதுகிறேன்: "0:42 தெற்குக் கோட்டம், 1:15 மகரதோரணம்". பிரகாரத்தைச் சுற்றி எடுத்த நீண்ட காணொளிகளில் இந்தச் சிறு குறிப்பு இல்லாவிட்டால் யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள்.

இத்தனை கோப்புகளில் எழுதும்போது படத்துக்குச் சேதம் வரக்கூடாது. கோப்பு முழுவதற்கும் சரிபார்ப்பு எண் எடுத்தால் குறிச்சொல் மாறியவுடன் அதுவும் மாறிவிடும், ஒப்பிட முடியாது. படத் தரவுக்கு மட்டும் எண் கணக்கிடும் வசதி எக்ஸிஃப்டூலில் இருக்கிறது. எழுதும் முன் ஒன்று, எழுதிய பின் ஒன்று எடுத்து ஒப்பிட்டு, சரியாக இருந்தால்தான் அது வைத்துக்கொடுக்கும் பழைய பிரதியை நீக்குகிறேன்.

இப்போது தாராசுரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே பெரியபுராணக் காட்சிகள் சுவரின் அடியில் சிறு சிறு பலகைகளாக வருகின்றன, பலவற்றின் மேல் பெயர் பொறிப்பும் உண்டு. பொறிப்பைப் படித்து வாசகப் புலத்தில் ஏற்றுவதற்கே நேரம் பிடிக்கிறது. அதன்பின் புள்ளமங்கைக் கோயில். அடித்தளத்தில் இருக்கும் இராமாயணச் சிறுசிற்பங்களுக்குக் கோட்டம் என்ற அலகு பொருந்தாது. எந்தக் கோட்டத்துக்குக் கீழே, இடமிருந்து எத்தனையாவது என்று அடையாளத்தில் ஆறாவது துண்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். சேர்த்தால் முன்பு எழுதியவற்றில் அந்த இடத்துக்குச் சுழியம் போட்டு எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; விரிதாள் இருப்பதால் அது ஒரு மாலை வேலைதான்.