2.711-ல் தொலைந்த 18 நாள்

எம்.எஸ்சி. புராஜெக்ட் ஒருவழியாக முடிந்தது. தென்துருவத்தில் இருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகம் பொதுவில் விட்டிருக்கும் 2008–2018 தரவை வைத்து, என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியிலிருந்து நியூட்ரினோ (எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்) வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அடுத்து இதை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் அடி ஆபீசில். தலைப்புப் படிவத்தில் முத்திரை வாங்க கோபியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிக் கோவை போனால், கிளார்க் தலைப்பைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "தேனிப் பக்கம் வேண்டாம்னு போராடுறாங்களே, அந்த நியூட்ரினோ தானுங்க தம்பி? நமக்கெதுக்குங்க வம்பு?" இது தென்துருவப் பனிக்குள் 5160 உணரிகளைப் புதைத்துப் பதிவு செய்தது, நான் கம்ப்யூட்டரில் கணக்குப் போடப் போகிறேன், அவ்வளவுதான் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கைடு விளக்கக் கடிதம் கொடுத்து, அடுத்த திங்கட்கிழமைதான் முத்திரை விழுந்தது. அந்தக் கடிதத்தை முதல் நாளே வாங்கிக்கொண்டு போங்கள்.

டவுன்லோட், பைத்தான் எல்லாம் பிரச்சினையில்லை. மொத்தம் 11 லட்சத்துக்கும் மேல் நிகழ்வுகள், பெரும்பாலானவை காற்றுமண்டலத்தில் காஸ்மிக் கதிர் மோதிப் பிறந்தவை. அந்தக் கும்பலுக்கு நடுவே அந்தக் கேலக்ஸி இருக்கும் திசையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குவிய வேண்டும். எனக்குக் குவியவே இல்லை. 18 நாள் சூத்திரத்தை மாற்றி மாற்றி எழுதினேன். ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்து தண்ணீர் கட்ட எழுந்த அப்பா, நான் இன்னும் முழித்திருப்பதைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

தப்பு ஒரே வரியில் இருந்தது. கேட்டலாக்கில் கேலக்ஸியின் ரைட் அசென்ஷன் (வானத்தில் இடத்தைக் குறிக்கும், பூமியின் தீர்க்கரேகை மாதிரியான எண்) 2 மணி 42 நிமிடம் 41 விநாடி. அதை மணிக்கணக்கிலேயே 2.711 என்று போட்டுவிட்டேன். தரவோ பாகையில் (டிகிரி) இருக்கிறது, 15-ஆல் பெருக்கி 40.67 போட்டிருக்க வேண்டும். 38 பாகை தள்ளி வேறெங்கோ தேடியிருக்கிறேன். முதலில் தரவில் ரைட் அசென்ஷன் இருக்கும் நெடுவரிசையின் உச்ச எண்ணைப் பாருங்கள், 24-ஐத் தாண்டினால் பாகைதான்.

அப்புறம், தரவில் இருக்கும் ஆற்றல், நியூட்ரினோ மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகளுக்குக் கணித்தது, நியூட்ரினோவினுடையது அல்ல. வைவாவில் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

சரிசெய்து ஓட்டியபோது குவியல் தெரிந்தது. அது தற்செயலா என்று பார்க்க, ரைட் அசென்ஷனை 1000 தடவை கலைத்துப் போட்டதில் நிஜ வானத்தை எட்டியவை ஏழே ஏழு. ஐஸ்கியூப் குழு 2022-ல் இன்னும் நல்ல தரவில் காட்டிய 79 நியூட்ரினோ, 4.2 சிக்மா (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) எங்கே, இது எங்கே. ஆனாலும் பல கோடி ஒளியாண்டு தாண்டி வந்ததன் தடம் என் லேப்டாப்பில் தெரிந்தபோது கை நடுங்கியது. பைத்தான் கோடு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.