லேட்டெக்கில் ஸ்வரம் எழுத எனக்கென ஒரு கட்டளை

கட்டளைகளை எழுதி ஆவணங்களை அச்சுக்கோர்க்கும் மென்பொருளான லேட்டெக்கில், மேற்கத்திய இசையின் ஐந்து கோட்டுக் குறிப்பை எழுத மியூசிக்ஸ்டெக் என்னும் தொகுப்பு இருக்கிறது. கர்நாடக ஸ்வரக்குறிப்புக்கோ எழுத்தும், மேல் ஸ்வர வரிசையான தார ஸ்தாயிக்கு மேலே ஒரு புள்ளியும், கீழ் வரிசையான மந்த்ர ஸ்தாயிக்குக் கீழே ஒரு புள்ளியும், காலத்தைக் காட்டும் கோடும் போதும் என்பதால், தேவையான கட்டளைகளை நானே வரையறுத்துக்கொண்டேன்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று முதல் நாளே வந்தது. 'ப' என்ற ஸ்வரத்தின் தலைமேல் புள்ளி நெருங்கி விழுந்தால், வாசிப்பவர் அதைத் தார ஸ்தாயிப் பஞ்சமம் என்று கொள்வதா, மெய்யெழுத்தான 'ப்' என்று கொள்வதா? ஆகவே புதிய கட்டளையை வரையறுக்க உதவும் நியூகமாண்ட் கொண்டு, ஸ்வரத்தை உள்ளீடாகப் பெற்று, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி உயர்த்தி வைக்கும் ஒரு கட்டளையை எழுதினேன். உயரம் அந்த ஒரே வரியில் இருப்பதால், எழுத்துருவை மாற்றும்போது அந்த எண்ணை மட்டும் திருத்தினால் பக்கம் முழுவதும் சீராகிவிடும். இந்த வசதிக்காகவே கட்டளை எழுதலாம் என்பேன்.

ஆதி தாளத்துக்கு நியூஎன்விரான்மென்ட் மூலம் ஒரு சூழலை, அதாவது தொடக்கப் பகுதியும் முடிவுப் பகுதியும் கொண்ட கட்டளை இணையை, அமைத்தேன். தாளத்தின் எண்ணிக்கை அலகுகளான எட்டு அட்சரங்களும் 4, 2, 2 எனப் பிரிந்து, இடையே கோடுகளுடன் அட்டவணையாக அமரும். ராகத்தின் பெயரை உள்ளீடாகத் தந்து இறுதியில் அச்சிட விரும்பியபோதுதான், சூழலின் முடிவுப் பகுதியில் உள்ளீட்டை நேரடியாகப் பயன்படுத்த முடியாது என்பது தெரிந்தது. தொடக்கப் பகுதியிலேயே அதை வேறொரு கட்டளையில் சேமித்து வைத்ததும் 'மோகனம்' உரிய இடத்தில் வந்து நின்றது.