ஒரு முழ தூரத்தில் ஊரித்

போன நவம்பரில்தான் முதல்முறையாகக் கேமராவோடு மொரீஷியஸின் புளூ பே கடலில் இறங்கினேன். நாற்பது படம் எடுத்தேன், அத்தனையும் ஒரே நீலம். சிவப்பு என்பதே இல்லை.

என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் டிஜி-6. தனி உறை இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும். எனக்கு அதுவே தாராளம், ஏனென்றால் நான் ஸ்கூபா போவதில்லை. முகமூடி, மூச்சுக்குழல், துடுப்புச் செருப்பு, அவ்வளவுதான். மூன்று மீட்டருக்குத் தம் கட்டி இறங்குவேன்.

நீலத்துக்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. சிவப்பு ஒளியைக் கடல்நீர் முதல் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். நான் கணக்கில் எடுக்காதது பக்கவாட்டுத் தண்ணீரை. மூன்று மீட்டர் ஆழத்து மீனை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், வெளிச்சம் ஐந்து மீட்டர் தண்ணீரைக் கடந்து லென்ஸுக்கு வருகிறது. ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். லென்ஸை ஒட்டியே ஃப்ளாஷ் இருப்பதால் இடையில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்ததுபோல் விழுந்தது. ஆக, கிட்டே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

1926-ல் விலங்கியலாளர் லாங்லியும் புகைப்படக்காரர் மார்ட்டினும் ஃபுளோரிடாவில் கடலுக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, வெளிச்சத்துக்காக மிதவையில் மக்னீசியத் தூளை வெடிக்கவைத்தார்கள். ஒரு மீனின் நிறத்துக்காக அவ்வளவு பாடு! மனம் சோரும்போதெல்லாம் எனக்கு அந்த மிதவைதான் நினைவுக்கு வரும்.

தூத்துக்குடியில் சங்குகுளிக்கப் போன என் தாத்தா சொல்வார்: "கீழே போனா காலை உதறாதே. மண்ணு எழும்பினா சங்கு மறைஞ்சிரும்." ஜனவரி முழுக்க அதை மட்டுமே பழகினேன். தென்கிழக்குக் காற்று எழும்புமுன், காலை எட்டு மணிக்கே இறங்குவேன். வெள்ளை பிளாஸ்டிக் பலகை ஒன்றை அதே ஆழத்தில் படமெடுத்து, எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டும் வெண்சமநிலையைச் சரிசெய்துகொள்வேன். மஞ்சள் திரும்பியது, பவளத்தின் பழுப்பும் வந்தது.

பக்கத்து ஊரான மாயேபூரில் ஒரு தோன்தோன் (கிரியோலில் மாமா) இருக்கிறார், பழைய மீனவர். ஊரித் என்று இங்கே கிரியோலில் சொல்லும் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, காட்டித்தரக் கேட்டேன். "மிருகத்தைத் தேடாதே மகனே, அது தின்னு போட்ட ஓடுகளைத் தேடு" என்றார். வளை வாயில் நண்டின் ஓடுகளும் சிப்பிகளும் குவிந்து கிடக்கும். இரண்டு நாள் காலையில் அலைந்து, கடற்பூங்கா எல்லைக்குள்ளேயே ஒரு குவியலைக் கண்டுபிடித்தேன்.

மூன்று நாள் அந்த வளையருகே தம் கட்டிக் கட்டிக் கிடந்தேன். பவளத்தில் கை வைக்கவில்லை, மணல் திட்டில் மட்டும் விரல் ஊன்றினேன். முதல் இரண்டு நாளும் ஊரித் கல்லின் நிறத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் கண்ணை மேலே உயர்த்தியது. உடம்பில் செம்பழுப்பு அலையலையாக ஓடியது. ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. பதினேழு படத்தில் ஒன்று தேறியது: கிடைக்கோடாகக் கறுத்த கண்மணி, அதைச் சுற்றிப் பொன்துகள்.

அச்சுப்போட்டுத் தோன்தோனிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, படத்தில் வளை வாயில் கிடந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.